தாழ்த்திய காடியும் தடம் மாறும் சக்கரமும்



மொழி மன்றத்து மேடையில் காடியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். கமுந்திங்கில் நின்றுகொண்டு காடியை விட்டுப் பேசுவதுதான் கடினம். மாலை வேளையில் இவ்வூர்த் தொழிற்பேட்டைச் சாலையோரம் சற்று நின்றால் போதும். தரையைத் தடவிச் செல்வதுபோல் தாழ்ந்த மைவிகளும் பழைய வீராக்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும். ஓட்டுகின்றவர்களுள் பலர் நம் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து வெளிவந்தவர்கள். அக்காடிகளின் முன்சக்கர டயர்கள் வெளிப்பக்கம் புதியனபோல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத உள்விளிம்பில் நூல் தெரியுமளவு தேய்ந்து கிடப்பதைப் பட்டறைக்காரர்கள் நாள்தோறும் காண்கின்றனர்.

காடியைத் தாழ்த்துவது ஒரு செயல். அதனால் மாறுவன மூன்று கோணங்கள். நம் பிள்ளைகள் பேசும் தமிழில் செயலுக்குச் சொல் இருக்கிறது. கோணங்களுக்குச் சொல் இல்லை. இவ்விடைவெளியைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். கெமுந்திங் என்பது மலாய் மொழியில் ஒரு செடியின் பெயர். இளஞ்சிவப்புப் பூவும் கருநீலக் கனியும் உடையது. நீலகிரியில் தவிட்டுப்பழம் என்று விற்கப்படுவது இதுவே. ஈயச் சுரங்கக் காலத்தில் இவ்விடத்தின் பெயர் கிளியான் பாரு, அதாவது புதிய சுரங்கம். இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம்வரை 1885இல் ஓடியதே மலாயாவின் முதல் புகைவண்டி. எட்டுக் கல் நீளமே உடைய அத்தடத்தை அமைக்க இலங்கையிலிருந்து தொழிற்படையினர் வந்தனர். பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் தொழிற்பேட்டை எழுந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஊரையொட்டிச் சென்றது. 1985இல் புரோட்டோன் சாகாவும், 1994இல் கஞ்சிலும், 2005இல் மைவியும் வந்த பின்னர் தோட்டத்துப் பிள்ளையும் காடி வாங்க முடிந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தைப்பிங் வட்டாரம் தீபகற்ப மலேசியாவில் மழை மிகுந்த பகுதி. மழையைப் பற்றிய இக்குறிப்பை நினைவில் வைத்திருங்கள், பின்னர் வேண்டும்.

இச்சொற்பொழிவுக்காக இவ்வட்டாரப் பட்டறைகள் சிலவற்றில் நின்று பேச்சைக் கேட்டோம். கேட்டவை மொழியியல் மாணவனுக்கு விருந்து. பட்டறைத் தொழிலாளிக்கு ‘போமென்’ என்று பெயர். ஃபோர்மேன் என்னும் ஆங்கிலச் சொல் மலாய் நாவில் உருண்டு, மேற்பார்வையாளன் என்ற பொருளை இழந்து, காடி பழுது பார்ப்பவன் என்னும் பொருளில் தமிழுக்கு வந்திருக்கிறது. காடியைப் பின்னே செலுத்துதல் ‘கோஸ்தான்’. இது கப்பலோட்டிகளின் சொல். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்து என்னும் ஆங்கில ஆணையான கோ ஆஸ்டர்ன் துறைமுகத்திலிருந்து கரையேறிச் சாலைக்கு வந்துவிட்டது. பட்டறையை மலாயில் பெங்கெல் என்பர். அது டச்சுக்காரரின் விங்கெல், கடை என்று பொருள். சக்கரத்தின் ரோடாவும் வண்டியின் கெரெத்தாவும் போர்த்துகீசியர் விட்டுச் சென்றவை. நம் ‘காடி’ வடநாட்டிலிருந்து வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினர் நம் பிள்ளைகள் ‘காடி வாங்கினேன்’ என்று சொல்லக் கேட்டுப் புளித்த காடியோ என்று திகைப்பதுண்டு.

பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களே நம் கவனத்தை மிகுதியும் ஈர்த்தன. டயர் ஒருபுறமாகத் தேய்வதை மலாயில் ‘மாக்கான்’ என்பர், தின்கிறது என்று பொருள். நம் பிள்ளைகளும் ‘டயர் உள்ளே தின்னுது’ என்கின்றனர். சக்கரச் சீரமைவு கெட்டதை மலாயில் ‘லாரி’ என்பர், ஓடிவிட்டது என்று பொருள். நம்மவர் ‘அலைன்மெண்ட் ஓடிருச்சு’ என்கின்றனர். இவை மொழிபெயர்ப்புகள் எனினும் உயிருள்ள மொழிபெயர்ப்புகள். படம்போல் கண்முன் நிற்பவை. ஆயினும் ஒன்று கருதற்குரியது. ‘தின்னுது’ என்பதும் ‘ஓடிருச்சு’ என்பதும் விளைவைச் சொல்கின்றன. எது தின்றது, எங்கே ஓடியது என்று கேட்டால் விடையில்லை. ‘இறக்கினா அப்படித்தான்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வினை இருக்கிறது, எழுவாய் இல்லை.

இப்படிச் சொல்வதால் தமிழுக்கு வண்டிச் சொற்களில் வறுமை என்று யாரும் கொள்ள வேண்டா. அச்சும் அச்சாணியும் திருக்குறளில் உண்டு. மயிற்பீலியே ஆயினும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலில் சொல்கிறார். வண்டியின் தாங்குதிறன் பற்றி இதைவிடச் சுருக்கமாகப் பொறியியல் நூல் எதுவும் சொல்லியதில்லை. உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிச் சென்ற மாற்று அச்சுக்குச் ‘சேம அச்சு’ என்று புறநானூற்றில் ஔவையார் பெயர் சொல்கிறார். இன்று காடியின் பின்புறத்தில் கிடக்கும் ஸ்பேர் டயரின் மூதாதை அதுவே. ஆனால் இச்சொற்களெல்லாம் விறைத்த அச்சைச் சேர்ந்தவை. அச்சு ஒன்று, இருபுறமும் சக்கரம், மேலே பாரம். அவ்வண்டியில் சக்கரம் சாயாது. சாய்ந்தால் வண்டி கெட்டது என்று பொருள்.

பின்னர் வில்வண்டி வந்தது. இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்து அச்சின்மேல் பொருத்தி, அதன்மேல் கூண்டை வைத்தனர். அந்தப் பட்டையடுக்கு பார்ப்பதற்கு வில்போல் இருந்தது. ஆகவே வில்வண்டி. இச்சொல்லை எந்தச் சங்கமும் கூடி ஆக்கவில்லை. பார்த்தவன் பார்த்ததைச் சொன்னான், ஊர் ஏற்றுக்கொண்டது. நம் இயற்பியல் பாடநூல்கள் சுருள்வில் என்று எழுதுவது இதன் வழி வந்ததே. இன்று பட்டறையில் ‘ஸ்ப்ரிங்’ என்கின்றனர், அதில் குறையொன்றுமில்லை. வில்வண்டி என்ற சொல் பிறந்த முறையே நமக்கு வேண்டியது. குனிந்து பார்த்து, கண்டதைப் பெயரிடுதல். ஆகவே இப்போது மைவியின் முன்சக்கரத்தின் பின்னே குனிந்து பார்ப்போம்.

அங்கே இருப்பது ஏர்ல் மெக்ஃபர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்த அமைப்பு. சிறு காடிகளுள் பெரும்பாலானவற்றின் முன்புறம் இன்றும் அதுவே. நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு. அதனுள் அப்சோபர், அதைச் சுற்றிச் சுருள்வில். தண்டின் மேல்முனை காடியின் உடலோடு பொருத்தப்பட்டிருக்கிறது. கீழ்முனையில் சக்கரம் உறுதியாகப் பிணைந்திருக்கிறது. தண்டு சாய்ந்தால் சக்கரமும் உடன் சாயும். கீழே ஓர் இரும்புக் கை குறுக்காக வருகிறது. அதன் உள்முனை உடலின் அடியில் கீல்போல் அசைகிறது; வெளிமுனை ஒரு பந்து மூட்டின் வழியாகச் சக்கரத்தின் அடியைப் பிடித்திருக்கிறது. இதைக் கீழ்க்கை என்போம். திருப்புவளையத்தின் ஆணையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் மெல்லிய கோல் ஒன்று தனியே வருகிறது. இதைத் திருப்புகோல் என்போம்.

காடியைத் தாழ்த்தினால் என்ன நிகழ்கிறது? சக்கரம் தரையில்தான் நிற்கிறது, உடல் இறங்குகிறது. உடலிலிருந்து பார்த்தால் சக்கரம் மேலேறுகிறது. கீழ்க்கையின் உள்முனை கீலில் நிலைத்திருப்பதால் வெளிமுனை நேராக மேலேற முடியாது. கதவின் விளிம்புபோல் வட்டத்தின் வழியேதான் ஏறும். தொழிற்சாலையிலிருந்து வரும் காடியில் பெரும்பாலும் கீழ்க்கை வெளிப்புறம் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். மேலேற ஏற அது கிடைநிலையை நெருங்கும். அதனால் வெளிமுனை வெளியே தள்ளப்படும். தண்டின் மேல்முனையோ அசைவதில்லை. அடி வெளியே போகிறது, தலை நின்ற இடத்தில் நிற்கிறது, தண்டின் உயரமும் குறைகிறது. விளைவாகச் சக்கரத்தின் தலை உட்புறமாகச் சாய்கிறது.

கணக்கிட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்க்காகச் சில அளவுகளைக் கொள்வோம். இவை கணக்கு விளங்க எடுத்துக்கொண்டவை. குறிப்பிட்ட ஒரு காடியின் அளவுகள் அல்ல. கீழ்க்கையின் நீளம் 350 மில்லிமீட்டர், அது கிடைநிலைக்குக் கீழே 8 பாகை சாய்ந்திருக்கிறது. பந்து மூட்டிலிருந்து தண்டின் மேல்முனைவரை 600 மில்லிமீட்டர், தண்டு 10 பாகை உட்சாய்ந்திருக்கிறது. காடியை 40 மில்லிமீட்டர் தாழ்த்துகிறோம். பந்து மூட்டு 3.3 மில்லிமீட்டர் வெளியே நகரும். தண்டின் சாய்வு 10 பாகையிலிருந்து 11 பாகைக்குச் சற்று மேலே போகும். சக்கரம் அதே ஒரு பாகை உட்சாயும். நான்காம் படிவத்து முக்கோணவியலே இதற்குப் போதும். 40 மில்லிமீட்டர் என்பது இரண்டு விரற்கிடை. நம் பிள்ளைகள் சிலர் இதற்கு மேலும் தாழ்த்துகின்றனர். மேலும் தாழ்த்தினால் கீழ்க்கை கிடைநிலையைத் தாண்டி மேல்நோக்கிச் சாயும், அப்போது பந்து மூட்டு உள்ளே திரும்பத் தொடங்கும், கணக்கு வேறாகிவிடும். ‘இன்னும் கொஞ்சம் இறக்கு’ என்பது அதே வழியில் இன்னும் கொஞ்சம் போவதாகாது.

இந்தச் சாய்வுக்கு ஆங்கிலத்தில் கேம்பர் என்று பெயர். வளைந்தது என்னும் பொருளுடைய கமுர் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தலை உட்புறம் சாய்ந்தால் நெகட்டிவ், வெளிப்புறம் சாய்ந்தால் பாசிட்டிவ். இதைத் தமிழில் ‘எதிர்மறைக் கேம்பர்’ என்று மொழிபெயர்ப்பதை நாம் ஏற்கவில்லை. எதிர்மறை என்பது இலக்கணத்தில் இல்லை எனச் சொல்வது. சக்கரம் எதையும் மறுக்கவில்லை, உட்சாய்ந்திருக்கிறது. ஆகவே உட்சாய்வு, வெளிச்சாய்வு. சொன்ன உடனே படம் தோன்றுகிறது.

இவ்விடத்தில் ஒன்றை நினைவூட்ட வேண்டும். சாய்வை அளந்து வாழ்ந்த மக்கள் நாம். இரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது வெட்டு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். ஒட்டு மரத்துக்கு 30 பாகை என்பது வழக்கம். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேர் நிமிர்வாக இல்லாமல் சற்றே சாய்ந்து ஏறுவதால், இத்திசையில் வெட்டினால் மிகுதியான குழாய்கள் திறக்கும். சாய்வு குறைந்தால் பால் தேங்கி வழியும். மிகுந்தால் பட்டை வீணாகும். தகட்டு அளவுகோல் வைத்துக் கோடு கீறி வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். எழுத்தறியாத அவர்களுக்கு ‘சாய்வு’ கலைச்சொல்லாகத் தோன்றியதில்லை; கைக்கத்தியின் பகுதியாக இருந்தது. பேரனுக்கு அதே சொல்லைக் காடியின்கீழ்க் காட்டுவதில் தயக்கம் என்ன?

இரண்டாவது கோணம் இதைவிட முக்கியமானது. இதுவே டயரைத் தின்பது. ஆங்கிலத்தில் டோ என்று பெயர், கால்விரல் என்று பொருள். நடக்கும்போது சிலருக்குப் பாதங்களின் முன்பகுதி ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும், சிலருக்கு விலகியிருக்கும். சக்கரங்களும் அவ்வாறே. மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் நெருங்கியிருந்தால் முன்னொடுக்கம் என்றும், விலகியிருந்தால் முன்விரிவு என்றும் சொல்லலாம்.

தாழ்த்தும்போது இது ஏன் மாறுகிறது என்பதைக் கரும்பலகையில் கவராயம் கொண்டே காட்டிவிடலாம். ஆசிரியர்கள் முயன்று பார்க்க வேண்டும். கீழ்க்கை ஒரு வட்டத்தில் ஏறுகிறது என்றோம். திருப்புகோலும் தன் உள்முனையை மையமாகக் கொண்டு வேறொரு வட்டத்தில் ஏறுகிறது. இரண்டின் நீளமும் மையமும் வேறு. முன்னே கொண்ட கணக்கில் திருப்புகோலின் நீளம் 280 மில்லிமீட்டர், அதுவும் 8 பாகை கீழ்ச்சாய்வு என்று கொண்டால், 40 மில்லிமீட்டர் ஏற்றத்தில் அதன் வெளிமுனை 2.7 மில்லிமீட்டர் மட்டுமே வெளியே போகும். பந்து மூட்டு போனது 3.3. இடையிலுள்ள 0.6 மில்லிமீட்டர் எங்கே போகும்? சக்கரத்தைத் திருப்பிவிடும். திருப்புநெம்பின் நீளம் 120 மில்லிமீட்டர் எனில் ஏறத்தாழ 0.27 பாகை. திருப்புகோல் அச்சுக்குப் பின்னே இருந்தால் சக்கரத்தின் பின்புறம் உள்ளே இழுக்கப்பட்டு முன்விரிவு உண்டாகும்; முன்னே இருந்தால் முன்னொடுக்கம். ஓட்டுநர் திருப்புவளையத்தைத் தொடாமலே சக்கரம் திரும்பியிருக்கிறது.

கால் பாகைக்குச் சற்று மிகை. இதற்கா இத்தனை பேச்சு என்று கேட்கலாம். காடி நேரே போகிறது, சக்கரமோ 0.27 பாகை விலகி நோக்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறத்தாழ 4.8 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படும். நூறு கிலோமீட்டர் ஓடினால் 480 மீட்டர். டயரைக் கையில் பிடித்துத் தார்ச்சாலையில் அத்தனை தொலைவு குறுக்காக உரசுவதாக எண்ணிப் பாருங்கள். புஸ்பாகோம் சோதனை நிலையத்தில் காடியை ஓர் இரும்புத் தட்டின்மேல் மெல்ல ஓட்டச் சொல்வது இதை அளக்கவே. தட்டு பக்கவாட்டில் நகர்வதைக் கருவி காட்டும். அளவின் அலகும் கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்பதே.

ஒரு பாகை உட்சாய்வு மட்டும் இருந்தால் டயர் விரைவில் கெடாது. பல காடிகள் தொழிற்சாலையிலிருந்தே சிறு உட்சாய்வோடு வருகின்றன. வளைவில் அது நன்மையும் தரும். முன்விரிவு உடன் சேரும்போதுதான் கேடு. உட்சாய்வு பாரத்தை டயரின் உள்விளிம்புக்குத் தள்ளுகிறது; முன்விரிவு அவ்விளிம்பைத் தேய்க்கிறது. இரண்டும் ஒரே இடத்தைத் தாக்குகின்றன. பட்டறைகளில் ‘கேம்பர்தான் தின்னுது’ என்று பழி முழுவதும் கேம்பர் மேல் விழுவதைக் கேட்டோம். கண்ணுக்குத் தெரிவது சாய்வு. தெரியாதது ஒடுக்கமும் விரிவும். ஆகவே தெரிவதன்மேல் பழி. பெயரில்லாதது குற்றவாளியாகக் கருதப்படுவதும் இல்லை.

மூன்றாவது கோணம் கேஸ்டர். மேசை நாற்காலிகளின் அடியில் சுழலும் சிறு சக்கரத்தின் பெயர் அது. பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்புறமாகச் சாய்ந்திருக்கும். பின்சாய்வு என்று சொல்லலாம். திருப்புவளையத்தைக் கைவிட்டால் தானே நேர்நிலைக்கு வருவது பெரிதும் இதனால். முன்னும் பின்னும் சமமாகத் தாழ்த்தினால் இது மிகுதியாக மாறாது. முன்புறத்தை மட்டும் மிகுதியாகத் தாழ்த்தினால் பின்சாய்வு குறையும். நெடுஞ்சாலையில் காடி அலைபாயும்.

பின்சக்கரங்களைப் பற்றி நீளப் பேச வேண்டுவதில்லை. மைவியின் பின்புறத்தில் இரு சக்கரங்களும் முறுக்குவிட்டம் ஒன்றால் இணைக்கப்பட்டிருப்பதால் தாழ்த்தினாலும் கோணங்கள் பெரிதாக மாறா. வீராவின் பின்புறம் பல இணைப்புகள் உடையது, அங்கே மாறும். ‘மைவியில் ஒன்றும் ஆகவில்லை, வீராவில் மட்டும் பின் டயர் போய்விட்டது’ என்று ஓர் இளைஞர் வியந்தாராம். வியப்பு நியாயமானதே, காரணத்தைச் சொல்ல அவரிடம் சொல் இல்லை.

இப்போது மழைக்கு வருவோம். டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றவே வெட்டப்பட்டவை. உள்விளிம்பில் பள்ளம் இல்லையென்றால் நீர் வெளியேற வழியின்றி டயருக்கும் சாலைக்கும் இடையே படலமாக நிற்கும். சக்கரம் நீரின்மேல் மிதக்கும். திருப்பினாலும் திரும்பாது, பிரேக் பிடித்தாலும் நிற்காது. காடியை நிறுத்திவிட்டு நின்றபடி பார்ப்பவர்க்கு வெளிப்பக்கம் நல்ல டயர் தெரியும். உள்ளே பார்க்கக் குனிய வேண்டும்; தாழ்த்திய காடியில் குனிந்தாலும் தெரிவதில்லை. தைப்பிங் மழையில், கோலகங்சாரைத் தாண்டி மெனோரா சுரங்கப் பாதையை ஒட்டிய இறக்கத்தில், இத்தகைய டயரோடு போகும் பிள்ளை நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் என்பதை எண்ணியே இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

தாழ்த்தும் முறைகளிலும் வேறுபாடு உண்டு. உயரம் மாற்றத்தக்க அமைப்பை முழுமையாக வாங்கிப் பொருத்துவோர் உளர். தாழ்வான சுருள்வில்லை வாங்குவோர் உளர். இருக்கும் சுருள்வில்லை அறுத்துவிடுவோரும் உளர். மூன்றாவதை மலாயில் ‘ஸ்ப்ரிங் போத்தோங்’ என்பர். பணம் குறைவு என்பதால் நம் பிள்ளைகள் இதை நாடுவதுண்டு. சுருள்வில்லில் ஆறு சுற்று வேலை செய்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றை அறுத்தால் அது நூற்றுக்கு 20 பங்கு விறைக்கும். அறுபட்ட முனை தன் இருப்பிடத்தில் சரியாக அமராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது சுருள்வில் இடம் பெயரலாம். தீயிட்டுத் தளர்த்தித் தாழ்த்துவது இன்னும் கொடிது; எஃகின் பதமே போய்விடும். தாழ்த்தியபின் வளைவில் உடல் சாயாதிருப்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் இந்த விறைப்பினால்தான். மெக்ஃபர்சன் அமைப்பில் கீழ்க்கையின் சாய்வு மாறும்போது உடல் எந்தப் புள்ளியைச் சுற்றி உருள்கிறதோ அப்புள்ளி, காடியின் எடைமையத்தைவிட மிகுதியாகக் கீழிறங்கிவிடும். அதனால் உடலை உருட்டும் நெம்பு நீள்கிறது. தாழ்த்தினால் சாயாது என்னும் நம்பிக்கை பாதியே உண்மை.

சட்டம் பற்றி ஒரு வரி. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டு வாகன அமைப்பு விதிகளும் காடியின் அமைப்பை விருப்பம்போல் மாற்ற இடந்தருவதில்லை. தாழ்த்த எண்ணுவோர் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டறிதல் வேண்டும். அதன் பிறகும் தாழ்த்துவோர்க்குச் செய்ய வேண்டியது தெளிவு: புதிய சுருள்வில் சில நாள் ஓடி அமர்ந்தபின், முன்னொடுக்கத்தை அளந்து திருப்புகோலின் நீளத்தைத் திருத்த வேண்டும், உட்சாய்வு அளவு மீறியிருந்தால் அதற்குரிய திருகாணிகளால் குறைக்க வேண்டும். அலைன்மெண்ட் கடையில் கொடுக்கும் தாளில் இவ்வெண்களெல்லாம் அச்சாகி வருகின்றன. பச்சை, சிவப்பு நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைக் கசக்கி எறிவதை நாம் கண்டோம். அத்தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஒரு மொழி வேண்டும்.

கலைச்சொல்லாக்கம் நமக்குப் புதிதன்று. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் அன்பர்களும் அறிவியல் சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. அதன்பின் எத்தனையோ அகராதிகள். இவ்வுழைப்பைக் குறைத்துப் பேசுவோமல்லோம். ஆனால் அகராதிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லை எதிரே வைத்துக்கொண்டு ஆக்கப்பட்டவை. பொருளை எதிரே வைத்துக்கொண்டு அல்ல. காருக்கு மகிழுந்து என்று பெயரிட்டோம்; அழகிய சொல். அதன் அடியில் இருப்பவற்றுக்குப் பெயரிடக் குனியவில்லை. பட்டறைச் சொற்களை நீக்க வேண்டும் என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. போமெனும் கோஸ்தானும் அப்சோபரும் இருக்கட்டும். அவை இம்மண்ணின் வரலாற்றைச் சுமக்கின்றன. கேம்பர் என்னும் சொல்லையும் பிள்ளை அறிந்திருக்கத்தான் வேண்டும். கடைத்தாளில் அதுவே இருக்கிறது. உட்சாய்வு என்பது அதை விளக்கும் சொல். இரண்டும் அருகருகே இருக்கலாம்.

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. முக்கோணவியலும் தொழிற்கல்வியும் அதற்குப் பின்னே மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. ஆகவே காடியைப் பற்றித் தமிழில் காரணம் கேட்கும் வாய்ப்பே ஒரு பிள்ளைக்கு வருவதில்லை. இடைநிலைப் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். விளக்கக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும்போது இதைக் கொடுத்துப் பாருங்கள். பள்ளி நிறுத்துமிடத்தில் உங்கள் காடியே இருக்கிறது. திருப்புவளையத்தை முழுதும் ஒருபுறம் திருப்பி நிறுத்தினால் முன்டயரின் உள்விளிம்பு வெளியே தெரியும். காடியின் அடியில் தலை விடாமலே மாணவர் பார்க்கலாம், விரலால் தடவலாம், எழுதலாம்.

ஒரு சொல் இன்னும் முடிவாகவில்லை. சக்கரம் ஏறி இறங்கும்போது தானே திரும்பிக்கொள்வதை, கவராயத்தின் இரு வட்டங்களால் காட்டினோமே, அதை ஆங்கிலத்தில் பம்ப் ஸ்டியர் என்பர். ‘ஏற்றத் திருப்பம்’ என்று நாம் எழுதி வைத்திருந்தோம். மலையேற்றத்துத் திருப்பம் என்று பொருள்படுகிறதே என்று மாணவர் ஒருவர் சுட்டினார். அது நல்ல மறுப்பு. ‘தன்திருப்பம்’ என்று இன்னொருவர் சொன்னார். அது சுருக்கமாக இருக்கிறது, ஆனால் காரணத்தைச் சொல்லவில்லை. இரண்டையும் இவ்வட்டாரப் பட்டறைகளில் சொல்லிப் பார்த்து, எதைக் கேட்டவுடன் கை தானாகத் திருப்புகோலை நோக்கிப் போகிறது என்று ஆசிரியர்கள் மன்றத்துக்கு எழுதுமாறு வேண்டுகிறோம்.